டீச்சர், இது ஏன் சாயுது? வீட்டுப் பொருள்களின் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் 11ஆவது மாடியில் இருக்கிறேன். 31 ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்றும் கேள்விகள் நிற்கவில்லை. லிஃப்டில் ஒருவர், கீழே கோப்பிக் கடையில் ஒருவர், கோயில் மண்டபத்தில் பந்திக்கு உட்காரும்போது ஒருவர் என்று யாராவது "டீச்சர், ஒன்னு கேக்கணும்" என்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் லாச்சி அலமாரி, அதாவது இழுப்பறை அலமாரி பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கட்டாயம் படியுங்கள்.

ஒரு பொருள் நிற்குமா, சாயுமா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று ஈர்ப்பு மையம். பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி எங்கே வருமோ, அதுதான். இன்னொன்று அடித்தளம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அதுபோல ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் நிற்கும். விளிம்பைத் தாண்டிவிட்டால் சாயும்.

அடித்தளம் எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கால்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்களை மட்டும் எண்ணக்கூடாது. நாற்காலியின் நான்கு கால்களையும் சேர்த்துத் தரையோடு ஒரு பெரிய ரப்பர் பேண்டு மாட்டினால், அது எவ்வளவு இடத்தை வளைக்கிறதோ அவ்வளவும் அடித்தளம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது நாம் காலை அகட்டி வைப்பது அந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பெரிதாக்கத்தான்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் நிலைத்தன்மைக்கு உயரம், அடித்தளப் பரப்பளவு என்ற இரண்டு காரணங்களைச் சொல்கிறோம். மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஒரே உயரம், ஒரே அடித்தளம் கொண்ட இரண்டு அலமாரிகளில் ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று குழந்தை தொட்டாலே கவிழும். உள்ளே எதை எந்தத் தட்டில் வைத்தோம் என்பதுதான் வித்தியாசம்.

கனமான பொருள் சாயாதுதானே?

சாயும். கனமும் நிலைத்தன்மையும் வேறு வேறு. எந்தக் கோணத்தில் கவிழும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும் அடித்தளத்தின் அகலமும் முடிவுசெய்கின்றன. அதில் எடைக்குப் பங்கே இல்லை. 60 செ.மீ. ஆழமுள்ள குளிர்சாதனப் பெட்டியின் மையம் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்ததும் கவிழும். அதே அளவில், அதே இடத்தில் மையமுள்ள காகித அட்டைப் பெட்டியும் அதே 20 டிகிரியில்தான் கவிழும்.

தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத்தான் எடை மாற்றும். 40 செ.மீ. ஆழமும் 120 செ.மீ. உயரமும் உள்ள அலமாரி 20 கிலோ என்றால், உச்சியில் 3 கிலோ சொச்சம் விசை கொடுத்தால் போதும், அடி தூக்கிக்கொள்ளும். துணிமணி அடைத்து 60 கிலோ ஆக்கினால் 10 கிலோ விசை வேண்டும். இதைப் பார்த்துத்தான் "நல்ல கனம், அசையாது" என்று நம்பிவிடுகிறோம். அசைக்கக் கஷ்டம்தான். ஆனால் கோணத்தைத் தாண்டிவிட்டால் அந்த 60 கிலோவும் கீழே இருப்பவர் மேல் வரும்.

லாச்சி அலமாரி பிள்ளைகள் மேல் விழும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது, 12 கிலோ இருப்பான். படுக்கையறையில் நான்கு லாச்சி உள்ள மர அலமாரி. கீழே இருந்து ஒவ்வொரு லாச்சியாக இழுத்துத் திறந்திருக்கிறான். பிள்ளைகளுக்கு அது படிக்கட்டு மாதிரித் தெரியும். மூன்று லாச்சி திறந்ததும், ஒன்றின் விளிம்பில் வயிற்றை வைத்து எம்பியிருக்கிறான். சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த எனக்கு, மரம் தரையில் உரசுகிற சத்தமும் உடனே ஒரு பெரிய இடியும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அலமாரியின் மேல் விளிம்பு எதிரே இருந்த கட்டிலின் மெத்தையில் சாய்ந்து நின்றது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி. அதற்குள் அவன் ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 31 ஆண்டுகள் திருப்புத்திறன், அதாவது எடையும் தூரமும் சேர்ந்து ஒரு பொருளைத் திருப்பும் பலம், பற்றிச் சொல்லிக்கொடுத்த நான், அந்த அலமாரியை ஒரு நாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

அன்று இரவு போட்டுப் பார்த்தேன். கூடு 20 கிலோ. துணியோடு ஒவ்வொரு லாச்சியும் 8 கிலோ. எல்லாம் மூடியிருக்கும்போது எடையின் மையம் அலமாரியின் முன்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே. ஒரு லாச்சியை 30 செ.மீ. இழுத்தால் அதன் மையம் விளிம்பைத் தாண்டி 10 செ.மீ. வெளியே வந்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் அலமாரியைப் பின்னால் பிடித்து இழுக்கும், வெளியே வந்ததெல்லாம் முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். கிலோவைத் தூரத்தால் பெருக்கினால் போதும்.

ஒரு லாச்சி திறந்தால்: பின்னால் பிடிப்பது கூடு 400, மூடிய மூன்று லாச்சி 480, ஆக 880. முன்னால் இழுப்பது 80. மிச்சம் 800. வெளியே 30 செ.மீ. தள்ளி நிற்கும் லாச்சி விளிம்பில் 12 கிலோ பிள்ளை தொங்கினால் 360 கழியும். அலமாரி நிற்கும்.

இரண்டு திறந்தால் மிச்சம் 560. இதுவும் 360ஐத் தாங்கும்.

மூன்று திறந்தால் மிச்சம் 320. பிள்ளையின் 360 அதைவிடப் பெரியது. கவிழும்.

நான்கும் திறந்தால் மிச்சம் வெறும் 80. மூன்று கிலோ கைப்பையை விளிம்பில் தொங்கவிட்டாலே போதும்.

பெரியவர்கள் ஒரு நேரத்தில் ஒரு லாச்சியைத்தான் திறப்போம். அதனால்தான் பத்து ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் நிற்கும் அலமாரி, ஒரு குழந்தை தனியாக இருக்கும் ஐந்து நிமிடத்தில் விழுகிறது. உலகம் முழுக்க நடக்கிற விபத்து இது. அமெரிக்காவில் பிள்ளைகள் இறந்த பிறகு, 2016 ஜூனில் ஐகியா தளவாட நிறுவனம் சுமார் 2 கோடியே 90 லட்சம் லாச்சி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் அந்த நாடு இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தையின் எடை, திறந்த லாச்சிகள், மெத்து விரிப்புத் தரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறது அது.

செய்ய வேண்டியது இதுதான். அலமாரியின் மேற்பகுதியை எல் வடிவ இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு திருகி இறுக்குங்கள். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் துளையில் பிளாஸ்டிக் ஆணிக்கூடு செருகிவிட்டுத் திருகாணி போட வேண்டும். உள்ளே வெறும் பலகைத் தடுப்பாக இருந்தால் சாதாரணத் திருகாணி பிடிக்காது. அதற்கென்று உள்ளே விரிந்து பிடிக்கும் வகை இரும்புச் சாமான் கடையில் இருக்கிறது. அலமாரி பக்கத்தில் முதுகுப் பலகை மெல்லிய அட்டையாக இருக்கும், அதில் திருகாதீர்கள். மேல் சட்டத்தின் கனமான மரத்தில் திருகுங்கள். பழைய டிவியை அலமாரி மேல் வைத்திருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். பொம்மை, பிஸ்கட் டப்பா எதையும் மேலே வைக்காதீர்கள். பிள்ளை ஏறுவது அதை எடுக்கத்தான்.

அலமாரியில் எதை எந்தத் தட்டில் வைக்கலாம்?

அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, எண்ணெய்ப் போத்தல், போர்வை, புத்தகம் எல்லாம் கீழே. தேநீர்க் கோப்பை, பிளாஸ்டிக் டப்பா, காய்ந்த மிளகாய் மேலே. வேறு ரகசியம் இல்லை.

கோப்பிக் கடை மேசை ஆடுகிறது. காலுக்கு அடியில் அட்டை மடித்து வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. மேசையைச் சுழற்றிப் பாருங்கள். மேசை சதுரமாகவும் நான்கு கால்களும் ஒரே நீளமாகவும் இருந்து தரைதான் மேடுபள்ளம் என்றால், கால் சுற்றுக்குள், அதாவது 90 டிகிரிக்குள், எங்கோ ஓரிடத்தில் நான்கு கால்களும் தரையில் பதியும். மேசை மட்டம் சற்றுச் சரிந்திருக்கலாம், ஆனால் ஆடாது. சேர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆந்த்ரே மார்ட்டின் என்ற இயற்பியலாளர் 2005இல் இதைக் கணித முறையில் நிறுவினார். தரையின் சரிவு 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, நடுவே படி மாதிரித் திடீர் ஏற்றஇறக்கமும் இருக்கக்கூடாது. பழைய கடைவீட்டுத் தரைகள் தேய்ந்து தேய்ந்து மெல்ல அலையலையாகத்தான் இருக்கும். அங்கே இது நன்றாக வேலை செய்கிறது, நானே பலமுறை செய்திருக்கிறேன். கால்களில் ஒன்று குட்டை என்றால் மட்டும் அட்டைதான் வழி.

மூன்று கால் முக்காலி ஆடுவதே இல்லையே. அப்படியானால் அதுதானே நல்லது?

ஆடாது என்பது சரி. எந்த மூன்று புள்ளியும் ஒரே தளத்தில் உட்காரும். ஆடாமல் இருப்பதும் கவிழாமல் இருப்பதும் வேறு என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 30 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கால்களைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டினால், நடுவிலிருந்து விளிம்புக்கு மிகக் குறைந்த தூரம் 15 செ.மீ. தான். நான்கு கால் என்றால் 21. ஐந்து கால் என்றால் 24. உட்கார்ந்தவர் எந்தப் பக்கமும் சாய்ந்து திரும்பக்கூடிய அலுவலகச் சக்கர நாற்காலிக்கு ஐந்து கால் வைப்பது இதற்காகத்தான். முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவலாம். அதன்மேல் ஏறி நின்று மின்விளக்கு மாற்றாதீர்கள்.

தாளிப்புக் கரண்டி அடுப்பில் வைத்ததும் குடை சாய்கிறது. சில நேரம் நிற்கிறது, சில நேரம் இல்லை. ஏன்?

என் மருமகள் கேட்ட கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நின்று கவனித்தால் வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இது.

கரண்டியின் குழி சின்னது, காம்பு நீளம். வெறுமனே வைத்தால் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் குழிக்கு வெளியே, காம்புப் பக்கம் போய்விடும். அடுப்பின் இரும்புக் கால்கள் குழியை மட்டும்தான் தாங்குகின்றன, அதனால் காம்பு கீழே இறங்கும். இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றியதும் குழி கனத்து, மையம் தாங்கும் இடத்துக்குள் வந்துவிடும். நிற்கும். கடுகு வெடிக்கும், கறிவேப்பிலை பொரியும், ஒன்றும் ஆகாது. தாளிப்பைச் சாம்பாரில் கொட்டிவிட்டுப் பழைய நினைப்பில் கரண்டியை அதே இடத்தில் திரும்ப வைப்போம். இப்போது எண்ணெய் இல்லை, மையம் மறுபடி காம்புக்கு ஓடிவிட்டது. கரண்டி கவிழும், அடியில் ஒட்டியிருக்கும் சூடான எண்ணெய் கையில் தெறிக்கும். நிற்கும்போது இருந்த கரண்டி வேறு, கொட்டிய பிறகு இருக்கும் கரண்டி வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டியதும் தொட்டிக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. புதிதாக வாங்குவதாக இருந்தால் அடி தட்டையான, குழி கனமான இரும்புக் கரண்டியாகப் பாருங்கள்.

டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தால் உறுதியா, காலியாக இருந்தால் உறுதியா?

இரண்டும் ஒன்றுதான்! பக்கம் நேராக உள்ள, 100 கிராம் எடையும் 12 செ.மீ. உயரமும் கொண்ட எவர்சில்வர் டம்ளர், 300 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது மையம் ஏறக்குறைய 6 செ.மீ. உயரத்தில். வாய்வரை நிரப்பினாலும் 6 செ.மீ. தான். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லி ஊற்றினால்? டம்ளரின் 100 கிராம் 6 செ.மீ. உயரத்தில், தண்ணீரின் 100 கிராம் 2 செ.மீ. உயரத்தில். இரண்டுக்கும் நடுவே 4 செ.மீ. தண்ணீரின் மட்டமும் அப்போது சரியாக 4 செ.மீ. தான். மையம் தண்ணீர் மட்டத்தைத் தொடும் அந்த இடத்தில்தான் டம்ளர் மிக உறுதியாக நிற்கும். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு துளியும் மையத்துக்கு மேலே போய் உட்காருவதால் மையம் ஏறத் தொடங்கும்.

காலியான டம்ளரைவிட நிறைந்த டம்ளரைத் தட்டிவிட அதிக விசை வேண்டும், எடை கூடிவிட்டதே. ஆனால் கவிழும் கோணம் மாறவில்லை.

விளக்குமாற்றை விரலில் நிறுத்தி, சமநிலைப் புள்ளியில் வெட்டினால் இரண்டு துண்டும் ஒரே எடை இருக்குமா?

இருக்காது. ஐந்தாம் படிவ வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன், முக்கால்வாசிப் பேர் "சமம்" என்றுதான் கை தூக்குவார்கள். துடைப்பப் பக்கம் கட்டையாக, மையத்துக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. காம்புப் பக்கம் நீண்டு தள்ளிப் போகிறது. சமமாவது எடையும் தூரமும் பெருக்கிய தொகை. அதனால் குட்டையான துடைப்பப் பக்கம் கனமாக இருக்கும்.

புள்ளியைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் விலக்கி வைத்து, அதன்மேல் விளக்குமாற்றைப் படுக்க வைத்து, விரல்களை மெல்ல நெருக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். ஒரு விரல் நகரும், நிற்கும், பிறகு மற்றது நகரும். எந்த விரல்மேல் எடை அதிகமோ அங்கே உராய்வு அதிகம், அது ஒட்டிக்கொள்ளும். மற்றது வழுக்கி உள்ளே வரும். மாறி மாறி வந்து இரண்டும் ஈர்ப்பு மையத்துக்கு அடியில்தான் சேரும். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் தவறாது.

கொலுவில் வைக்கும் தலையாட்டி பொம்மை எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடுகிறதே?

தஞ்சாவூர்ப் பொம்மையின் அடி அரைக்கோளம், உள்ளே கனமான களிமண். மேல்பகுதி லேசு. அதனால் மொத்த ஈர்ப்பு மையம், அந்த அரைக்கோளத்தின் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கிறது. சாய்க்கும்போது மையம் மேலே ஏறுகிறது. விட்டால் இறங்கப் பார்க்கும், இறங்கினால் பொம்மை நிமிர்ந்துவிடும். நாற்காலி நிற்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். நாற்காலிக்கு ஓர் எல்லைக் கோணம் உண்டு. இந்தப் பொம்மைக்கு, அரைக்கோளம் தரையில் உருளும்வரை, எல்லையே இல்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கொட்டாங்குச்சி போதும். அடியில் களிமண்ணை அப்பி, மேலே காகிதத்தில் கூம்பு சுருட்டி ஒட்டுங்கள். பிறகு களிமண்ணை எடுத்துக் கூம்பின் உச்சியில் ஒட்டுங்கள். முன்னே எழுந்த அதே பொம்மை இப்போது படுத்துவிடும். பிள்ளைகள் இதை ஒரு முறை கையால் செய்துவிட்டால் பிறகு பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை.

பினாங்குச் சாப்பாடான நாசி கண்டாரின் பெயரில் உள்ள கண்டார் என்ன? அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. கண்டார் என்பது தோளில் வைக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கம்பின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டு, பினாங்குத் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். சோறு 12 கிலோ, குழம்பு 8 கிலோ, கம்பின் நீளம் 150 செ.மீ. என்றால் தோள் எங்கே இருக்க வேண்டும்? சோற்றுப் பக்கம் 60, குழம்புப் பக்கம் 90. இரண்டு பக்கமும் 720. சோறு விற்க விற்க அந்தப் பக்கம் லேசாகும், தோளைக் குழம்புப் பக்கம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்தக் கணக்கும் எழுதாமல் நாள் முழுக்கத் தோளாலேயே திருப்புத்திறனைச் சமன்செய்த மனிதர்கள் அவர்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டின் பெயரே ஒரு நெம்புகோலின் பெயர் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இடும்பன் இரண்டு மலைகளைக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தூக்கிய கதை நமக்குத் தெரியும். காவடியும் அதே அமைப்பு. தொங்கும் சுமை தோளுக்குக் கீழே இருப்பதால் மொத்த மையம் தாழ்ந்து, நடை உறுதியாகிறது. இப்போது தைப்பூசத்தில் எடுக்கும் பெரிய அலகுக் காவடிகளில் அலங்காரமெல்லாம் தலைக்கு மேல். மையம் உயர்ந்துவிடுகிறது. இடுப்புப் பட்டையிலும் தோளிலும் சட்டத்தை இறுக்கிக் கட்டுவது அதனால்தான், சட்டம் உடலோடு சேர்ந்தே அசைய வேண்டும். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் ஏறும்போது உடன் போகிறவர்கள் கைகொடுக்கத் தயாராக இருங்கள். படியில் முன்னும் பின்னும் கால் ஊன்ற இடம் குறைவு.

சீனர்களின் சிங்கே கொடி ஊர்வலத்தில் அவ்வளவு உயரமான கொடிமரத்தை நெற்றியில் நிறுத்துகிறார்கள். என்னால் ஓர் அளவுகோலைக்கூட விரலில் நிறுத்த முடியவில்லையே?

அளவுகோல்தான் கடினம். நீளமான கம்பு மெதுவாகச் சாயும். 30 செ.மீ. அளவுகோல் சாயத் தொடங்கினால் ஏறக்குறைய 0.14 விநாடிக்கு ஒரு தடவை அதன் சாய்வு சுமார் மூன்று மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். கண்ணால் பார்த்துக் கையை அசைக்க நமக்கு 0.2 விநாடி வரை ஆகும். நாம் அசைவதற்குள் விழுந்துவிடும். 9 மீட்டர் கம்பத்துக்கு அந்த நேரம் 0.78 விநாடி. நிதானமாகப் பார்த்து அடியை நகர்த்த அவகாசம் உண்டு. நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

இதனால் அந்தக் கலைஞர்களின் திறமை குறைந்துவிடாது. 25 அடிக்குக் குறையாத மூங்கிலின் எடையைக் கழுத்து தாங்க வேண்டும், கொடியைக் காற்று இழுக்கும். வீட்டில் பழக வேண்டும் என்றால் அளவுகோலை விட்டுவிட்டு மாப் கட்டையை எடுங்கள். கனமான முனை மேலே இருக்கட்டும், பார்வையும் மேலேயே இருக்கட்டும்.

சீலிங் ஃபேன் குலுங்குகிறது. விழுந்துவிடுமா?

முதலில் ஃபேனை நிறுத்தி, கொக்கியும் திருகாணிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் குலுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இறக்கைகளின் சமமின்மை. ஓர் இறக்கையில் 20 கிராம் அதிகம், நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 200 சுற்றில் அந்த 20 கிராம், அரைக் கிலோ எடைக்கு மேலான விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் திசை மாறிக்கொண்டு. தூசியைத் துடைத்தாலே பாதி குறையும். ஒவ்வொரு இறக்கை நுனியும் சீலிங்கிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். வளைந்ததைச் சரிசெய்த பிறகும் ஆடினால், லேசான இறக்கையில் ஒரு சிறு எடையை ஒட்டிச் சமப்படுத்தலாம்.

துணி துவைக்கும் இயந்திரம் பிழியும்போது ஏன் நடக்கிறது?

அதே காரணம், ஆனால் வேகம் அதிகம். ஒரு கிலோ ஈரத் துணி ஒரே பக்கம் உருண்டு, நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒட்டிக்கொண்டது, நிமிடத்துக்கு 800 சுற்று. இழுக்கும் விசை சுமார் 140 கிலோ எடைக்குச் சமம். முன்பக்கம் கதவுள்ள வகையில் கான்கிரீட் கட்டி வைத்துக் கனமாக்குவது இதைத் தாங்கத்தான். மேலே மூடியுள்ள பல வகைகளில் தொட்டியின் வாயைச் சுற்றி உப்புநீர் அடைத்த வளையம் இருக்கும். சுற்றும்போது அந்த நீர் துணிக்கு எதிர்ப்பக்கம் ஓடிச் சமன்செய்யும். ஒரே ஒரு பெரிய போர்வையைத் தனியாகப் போடாதீர்கள், கூடவே இரண்டு துவாலையாவது போடுங்கள்.

ஏணியை எவ்வளவு சாய்த்து வைக்க வேண்டும்?

நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே. ஏறக்குறைய 75 டிகிரி. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் பின்னால் கவிழும், அதிகம் சாய்த்தால் அடி வழுக்கும். ஏறிய பிறகு தொப்புள் எப்போதும் ஏணியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருக்கட்டும். எட்டாத இடத்துக்கு இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

கேஸ் தோம்பு காலியாகப் போகும்போது சாய்த்து வைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. படுக்க வைத்தால் திரவமாக உள்ள வாயு குழாய்க்குள் வந்து பெரிய தீயாக மாறும். 14 கிலோ தோம்பு எப்போதும் நேராக, மட்டமான தரையில் நிற்க வேண்டும்.

2012இல் சுமத்ரா நிலநடுக்கம் நம் அடுக்குமாடிகளை ஆட்டியதே. அப்படி ஆடினால் என்ன விழும்?

ஏப்ரல் 11, 8.6 அளவு. எங்கள் பூஜை அறையில் ஒரு மீட்டர் சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கு ஆடியது. ஒரு மீட்டர் ஊசல் போய்த் திரும்ப இரண்டு விநாடி ஆகும், அதே தாளத்தில் ஆடியது. தொங்கும் பொருளின் ஈர்ப்பு மையம் பிடிமானத்துக்குக் கீழே இருப்பதால் எவ்வளவு ஆடினாலும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பயப்பட வேண்டியது நின்றுகொண்டிருப்பவற்றுக்கு: ஒல்லியான புத்தக அலமாரி, உயரமான குத்துவிளக்கு, மேசை ஓரத்து டிவி. கட்டில் தலைமாட்டில் உயரமான எதையும் நிறுத்தாதீர்கள்.

சாய்ந்தாலே விழும் என்றும் இல்லை. பேராக்கில் தெலுக் இந்தான் கோபுரம் 1885இல் கட்டியது, 25.5 மீட்டர் உயரம். உள்ளே தண்ணீர்த் தொட்டியின் கனமும் அடியில் இளகிய மண்ணும் சேர்ந்து சாய்த்துவிட்டன. நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது, தூக்குக்குண்டு இன்னும் அடித்தளத்துக்குள்தான் விழுகிறது.

வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அலமாரியை என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பிள்ளை புழங்கும் அறையிலிருந்து அலமாரியை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கனமானதைக் கீழ் இரண்டு லாச்சியில் அடையுங்கள், மேல் லாச்சிகளை லேசாக வையுங்கள், லாச்சிகளுக்குப் பிள்ளைப் பூட்டு மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் திறக்க முடியாமல் செய்தாலே மேலே சொன்ன கணக்கில் 800 மிச்சம் கையில் இருக்கும். இவை எதுவும் சுவரோடு திருகுவதற்கு ஈடாகாது. அதனால் வீட்டுக்காரரிடம் மறுபடியும் கேளுங்கள். துளை 8 மில்லிமீட்டர், ஓர் அலமாரிக்கு இரண்டே இரண்டு. காலி செய்யும்போது சுவர்ப் பூச்சு அடைத்து வர்ணம் தொட்டுவிடலாம், அரை மணி நேர வேலை. வேண்டுமானால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.